அறக்குளாவுக்கு மேல் ஓர் இருக்கை

என் மச்சாள், மாமாவின் மகள், நோர்வே அணிக்காகப் பனிச்சறுக்குப் போட்டிகளில் ஓடுகிறவள். ஏழு வயதில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. இரண்டு சறுக்குக் கட்டைகளின் மேல் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, கைத்தடிகளை ஊன்றி ஊன்றிப் பத்துக் கிலோமீட்டர் போவாள். பள்ளியில் கடைசி. மாவட்டத்தில் கடைசிக்கு முன். இருபத்திரண்டு வயதில், உலக அளவிலான போட்டியில் ஐந்தாவது. இவற்றை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வந்தேன். நாங்களும் நோர்வேயிலிருந்து வந்தவர்கள்தான். அப்பா லண்டனில் கடை போட்டதால் மனோர் பார்க்காரர் ஆனோம்.

ஐந்தாவதாக வந்ததற்கு அடுத்த பருவம் கொப்பியில் வெறுமை. உணர்வில்லாத தோலில் இருக்கை அழுத்திப் புண் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இன்னொரு புண் வந்தால் இனிப் போட்டியே இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சக்கர நாற்காலிகளுக்கு இருக்கை செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. புண் ஆறியதும் அவள் லண்டன் வந்தாள்.

"நீ செய்து தா மச்சாள். சீட் பிழைச்சுப் போனால் உன்னை ஏசவும் சுகம்."

சிறு நுரை மணிகள் நிறைந்த பையில் அவளை அமர வைத்து, பதிந்த குழியிலிருந்து இருக்கைக்கு உருவம் எடுத்தேன். என் பட்டியலில் பதினேழு அளவுகள். ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தேன். இருக்கையோடு அவள் விமானம் ஏறினாள்.

இரண்டாம் வாரம் தொலைபேசி வந்தது.

"எடி, உன்ர சீட் பனியில கல்லாப் போச்சுது. இண்டைக்குக் கண்ணாடி பிடிச்சுப் பின்பக்கத்தைப் பாத்தன். ஒரு இடம் சிவந்து கிடக்கு."

"ஓட்டத்தை நிப்பாட்டு. இருக்காதை, படு."

"படுத்துக்கொண்டுதான் கதைக்கிறன்."

என் வாடிக்கையாளர்கள் வீட்டுக்குள் அமர்பவர்கள். பதினேழு அளவுகளில் குளிர் இல்லை. நோர்வேயில் வளர்ந்த நான் அதை மறந்திருந்தேன்.

சிவப்பு இரண்டு நாளில் மறைந்தது. நேரம் கொஞ்சம் கிடைத்தது. பட்டறையில் குளிர் அறை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் அம்மாவின் ஃபிரீசர் இருந்தது. அப்டன் பார்க்கில் வாங்கிய அறக்குளா மீனும் துருவிய தேங்காய்ப்பூவும் அதில் நிறைந்து கிடக்கும். ஆறு வகை ஃபோம் துண்டுகளை வெட்டி, எண்ணிட்டு, மீனுக்கு மேல் அடுக்கினேன். காலையில் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ஐந்து கல்லாகிவிட்டன. நாலாம் எண் மட்டும் விரலுக்கு இடம் கொடுத்தது. அதில் முழு இருக்கையைச் செய்து, மறுபடி உள்ளே வைத்தேன்.

"அறக்குளாவுக்கு மேல என்னத்தையடி வைச்சிருக்கிறாய்?"

"மச்சாளின்ர சீட், அம்மா. ரெண்டு நாள் கிடக்கட்டும்."

"அப்ப மீனை எங்க வைக்கிறது? உன்ர தலையிலயோ?"

திட்டியபடியே அம்மா பாதி மீனை எடுத்து அன்றே குழம்பு வைத்தார். வெள்ளிக்கிழமை என்பதை அப்பா நினைவூட்டிய பிறகு, குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

இரண்டு நாள் கிடந்தும் இருக்கை கல்லாகவில்லை; நோர்வேக்கு அனுப்பினேன். மாசியில் உலகப் போட்டி. அன்று நான் பட்டறையில் எதையும் ஒழுங்காக அளக்கவில்லை. மாலையில் தொலைபேசி அடித்தது. நான் கேட்க முன்பே அவள் தொடங்கினாள்.

"முதல்ல கண்ணாடியைத்தான் பாத்தனான். ஒரு சிவப்பும் இல்லை."

"எத்தினையாவது?"

"மூண்டாவது. சீட் மீன் மணக்குது மச்சாள். ஓடேக்க எனக்குப் பசி."

அம்மாவிடமும் சொன்னேன். ஞாயிறு கோவிலில், பிரசாத வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் அம்மா சொல்வது கேட்டது:

"என்ர மருமகள் உலகத்தில மூண்டாவது. சீட் என்ர மகள் செய்தது. எங்கட ஃபிரீசரிலதான் வைச்சுப் பாத்தது."

கொப்பியில் ஐந்துக்குக் கீழே, வெறுமைக்கு அடுத்து, மூன்று என்று எழுதினேன். பட்டறைப் பட்டியலில் பதினெட்டாவதாகக் குளிரைச் சேர்த்தேன். அடுத்த வாரம் மச்சாள் மறுபடி அழைத்தாள்.

"வாற வருசத்துக்குப் புதுச் சீட் வேணும். ஃபிரீசரில இடம் விடச் சொல்லு மாமியிட்ட."