சுதா நாய்க்குப் பயந்தாள்: பதினொரு வாக்கியங்களின் கதை

கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வரும். அதோடு பென்சில் சீவிய மரத்தூள் வாசனையும் சேர்ந்துகொள்ளும்... காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடி. தொண்ணூறுகளின் பின்பாதி.

டுடோரியல் காலேஜை மூடிவிட்டதால், நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த வேலை அது. பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முயன்றார்கள். அதற்காகக் கட்டுக்கட்டாக ஆங்கில வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லைப் பிடித்து, செய்தது யார், யாருக்கு நேர்ந்தது, எதனால் என்று வண்ணப் பென்சிலால் கோடிட வேண்டும். செய்தவருக்குச் சிவப்பு, அனுபவித்தவருக்கு நீலம், கருவிக்குப் பச்சை.

ஒரே தாளை இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்பது விதி. இன்னொருவர் ரெஜினா டீச்சர். கான்வென்ட்டில் ஓய்வு பெற்றவர், போத்தனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பார்த்து எழுதாமல் இருக்க எங்கள் மேஜைகளுக்கு நடுவே ஓர் இரும்பு பீரோ!

முதல் மாத முடிவில் மேலாளர் செந்தில் கவலையோடு வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த நாற்பது வாக்கியங்களில் பதினொன்று ஒத்துப்போகவில்லை. இப்படியே இருந்தால் வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்களாம். டீச்சரின் தாளை என்னிடமும், என் தாளை அவரிடமும் கொடுத்து, யோசித்து முடிவாக எழுதச் சொன்னார்.

நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவர் தப்பாகவா குறித்திருப்பார்? என் மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினொன்றிலும் என்னுடையதை அழித்துவிட்டு அவருடையதையே எழுதினேன். வேலை தப்பித்தது என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

சற்று நேரத்தில் செந்தில் இரண்டு தாள்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, ரெண்டு பேருஞ் சேந்து என்னையக் கேலி பண்றீங்களா? பதினொண்ணும் அப்படியே தலகீழா வந்திருக்குதுங்களே!"

டீச்சரும் என்னுடையதையே எழுதி வைத்திருந்தார்...

"சார் எம்.ஏ. படிச்சவருங்க. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?" என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"மருவாதியெல்லாம் கல்யாண ஊட்ல வெச்சுக்குங்க. இங்க சண்டை போடுங்க. சாயங்காலம் தபால் போகோணும்."

பீரோவைத் தள்ளி வைத்தார். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் வாக்கியம், தமிழில் சொன்னால், சுதா நாய்க்குப் பயந்தாள். டீச்சர் முதலில் சுதாவுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

நான் முதலில் போட்டது நீலம். வாழ்க்கையில் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. செந்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க டீச்சர்... சுதா ஒண்ணுமே செய்யலீங்க. பயம் அவளுக்கு வந்துச்சு, அவ்வளவுதான். நாய்கூட சும்மாதான் நின்னுட்டு இருந்துச்சு."

"சும்மா நின்னுச்சுன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சிரித்துக்கொண்டே, நீலமே இருக்கட்டும் என்றார். அடுத்த வாக்கியத்தில் என் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் என்னை விடவில்லை. அது தப்புதான். ஒப்புக்கொண்டேன். மாலைக்குள் பத்து வாக்கியங்கள் தீர்ந்தன. ஒன்று மட்டும் தீரவில்லை. அதை அப்படியே இரண்டு குறிப்போடு அனுப்பினோம்.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: "இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்க? கொஞ்சம் விட்டிருந்தா பொழப்பே போயிருக்கும்!"

பொழப்பு போகவில்லை. மேலும் இரண்டு வருடம் ஓடியது. தினமும் ஒரு சண்டையாவது உண்டு.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரே கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறதாம். டீச்சர் மகளோடு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. என் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். வயதானவர் மனம் நோகக்கூடாதென்று, நான் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நான் சொல்வது சரிதானா என்று நானாகத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது...