அறிவியல் நோட்டுக்கு யானை அட்டை

எங்கள் ஊரில் நோட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு அச்சகத்தில்கூட ஆள் பழக்கம் இல்லை என்று அர்த்தம். சிவகாசியில் இருந்துகொண்டு அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக்கூடாது. மற்ற எல்லாரும் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட தாளைத்தான் அட்டையாகப் போடுவோம். என் சமூக அறிவியல் நோட்டில் ஒரே சேமியா பாக்கெட் நான்கு முறை அச்சாகியிருந்தது. கணக்கு நோட்டில் வேலோடு முருகன் நின்றார். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிற அத்தா அதைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. பரீட்சைத் தாள் வந்த அன்று மட்டும், இவர் கூடவே நின்றுமா இம்புட்டுத்தான் மார்க்கு என்று கேட்டார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. செல்போன் முதலாளிமார் கையில் மட்டும் இருந்த காலம். அக்கா அதே பள்ளியில் பிளஸ் ஒன் படித்தாள். அந்த வருடம் எங்கள் பள்ளியும் ஊரிலிருந்த ஒரு ஆப்செட் அச்சகமும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. பிளஸ் ஒன் பிள்ளைகள் பதினைந்து பேர் சனிக்கிழமைதோறும் அச்சகத்துக்குப் போய்த் தொழில் பழகுவார்கள். படிப்பு முடிந்ததும் விருப்பமுள்ளவர்களுக்கு அங்கேயே டிசைன் செய்கிற வேலையோ கலர் பார்க்கிற வேலையோ கிடைக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளில், இது பயிற்சி மட்டுமே, வேலை அல்ல என்று இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

அம்மா அதை இரண்டு இடத்திலும் படித்தாள்.

"பிள்ளைகள வேலைக்கு அனுப்பாதீகன்னு இம்புட்டு வருசமா வீடு வீடா வந்து சொன்னாக. இப்ப ஸ்கூலே கூட்டிட்டுப் போகுதாக்கும்" என்றாள்.

அம்மாவின் தம்பியான மாமு, வயசுப் பிள்ளையை மெஷின் சத்தத்துக்குள் அனுப்புவது குடும்பத்துக்கு அழகா என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் அத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஒரே ஒரு குறை வந்தாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றார். பள்ளியிலும் ஒரு கண்டிப்பு இருந்தது. அச்சிட்ட தாள் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. போனால் பதினைந்து பேருக்கும் பயிற்சி ரத்து.

அச்சகத்தின் மேனேஜருக்கு இந்த ஏற்பாட்டில் துளியும் இஷ்டமில்லை. மெஷின்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாராம். சீசன் நேரத்தில் என்னைப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்கிறார்களே என்று முதல் நாளே பிள்ளைகள் காதுபடச் சலித்துக்கொண்டார். அவர் முகத்தைச் சுளிப்பதை அக்கா வீட்டில் நடித்துக் காட்டுவாள். ஆனால் வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. அத்தா பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட், காலண்டர், அரிசிப் பை என்று ஒன்றையும் விடமாட்டாள். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதாம். இதில் சிவப்பு விலகியிருக்கிறது, அதில் நீலம் ஏறியிருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க, எங்களால் ஒரு பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்ன முடியவில்லை.

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, புதிதாக வரப்போகிற பூச்சட்டி, அதாவது புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள் தாளை ஆளுக்கொன்று கொடுத்து, குறை கண்டுபிடித்து வட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. வேன் வந்துவிட்டது. அக்காவுக்கு முடிக்காமல் வர மனசில்லை. தாளை மடித்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடித்து, அடுத்த வாரம் சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று நினைப்பு.

அந்தத் தாளை நான் பார்த்தேன். நிலாவில் கயிறு கட்டி ஊஞ்சலாடும் யானைக்குட்டி. ஒன்றல்ல, எட்டு. அந்த அழகான படத்தின் மேல் அக்கா பென்சிலால் வட்டம் வட்டமாகக் கிறுக்கி வைத்திருந்தாள். பிரஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வந்து, கிறுக்கலும் வாங்கிவிட்டால் அது வேஸ்ட் தாள் அல்லாமல் வேறென்ன? ரப்பரால் எல்லா வட்டத்தையும் பொறுமையாக அழித்துவிட்டு என் அறிவியல் நோட்டுக்கு அட்டை போட்டேன். அக்காவை அழைத்துக் காட்டக்கூட இல்லை. காட்டினால் அவளும் கேட்பாள் என்று பயம்.

திங்கட்கிழமை வகுப்பே என் பெஞ்சைச் சுற்றி நின்றது. செவ்வாய்க்கிழமை பக்கத்து பெஞ்சுக்காரி, விட்டுப்போன பாடத்தை எழுத வேண்டும் என்று நோட்டை வாங்கிப் போனாள். அவளுடைய அப்பாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அவர்களும் பூச்சட்டிதான் போடுகிறவர்கள். அட்டையைப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே லேபிளுக்குச் சொந்தக்கார முதலாளிக்குப் போன் போட்டு, உங்க யானைக்குட்டி எங்க வீட்டில் வீட்டுப்பாடம் எழுதுகிறது என்றிருக்கிறார். அந்த முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. புது லேபிள் கடைக்கு வரும்வரை இன்னொரு கம்பெனி கண்ணில் படக்கூடாது. நிச்சயம் ஆகாத சம்பந்தம் மாதிரி அதைப் பொத்தி வைப்பார்கள். மொத்த ஆர்டரையும் வேறு அச்சகத்துக்கு மாற்றிவிடுவேன் என்று அவர் அச்சகத்தாரிடம் குதித்தார்.

புதன்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு என்னை நோட்டோடு வரச் சொன்னார்கள். அங்கே அக்கா ஏற்கெனவே அழுது முடித்த முகத்தோடு நின்றிருந்தாள். நாற்காலியில் மேனேஜர். அக்கா நடித்துக் காட்டியதைவிட அவர் முகம் நன்றாகவே சுளித்திருந்தது. நான்தான் எடுத்தேன், வேஸ்ட் தாள்தானே என்று உண்மையைச் சொன்னேன். நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று அக்காவும் சொன்னாள். அப்படியென்றால் இந்த வாரத்தோடு பதினைந்து பேருக்கும் பயிற்சி முடிந்தது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அக்கா தாவணி நுனியைக் கையில் சுற்றிச் சுற்றியதில் விரலே சிவந்துவிட்டது.

மேனேஜர் நோட்டை வாங்கி அட்டையைப் பிரித்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நான் அழித்திருந்தாலும் பென்சில் அழுந்திய தடம் அதில் இருந்திருக்கிறது. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரே இடத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்கன எதுக்கு வட்டம் போட்ட?"

"ஏழாவது யானைல மஞ்சள் விலகியிருக்கு சார். காதுகிட்ட. மத்த ஏழுலயும் மஞ்சள் சரியா இருக்கு."

"மெஷின்காரன் பாத்தான், நானும் பாத்தேன். எங்க கண்ணுல படல" என்றார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பினார். "இது கழிச்சுப் போட்ட தாளுதான் மேடம். நான்தான் கொண்டு போகச் சொன்னேன். மறந்துபோச்சு. பிள்ளைகள் சனிக்கிழமை வரட்டும்."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். வேஸ்ட் தாள் என்று நான் முதலிலேயே சொன்னேனே, அவரும் அதையேதான் சொன்னார், இதற்குப் போய் அழுவாளா ஒருத்தி? அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தது எதுவும் அத்தா காதுக்குப் போகவில்லை. சனிக்கிழமை வேன் வழக்கம்போல வந்தது. அந்தப் பதினைந்து பேரில் ஒன்பது பேர் பிறகு அச்சுத் தொழிலுக்கே போனார்கள். அக்கா இன்று ஒரு பெரிய அச்சகத்தில் கலர் பார்க்கிற பிரிவுக்கே தலைமை. அவள் கையெழுத்து இல்லாமல் மெஷின் ஓடாது. மாமு தன் மகளை அவளிடம்தான் வேலை பழக அனுப்பினார்.

அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். டிபன் பாக்ஸைக் கொடுக்க நான் அச்சகத்துக்குப் போனேன். கண்ணாடி அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். அந்த மேனேஜர் பின்னால் பேப்பர் குடோனில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூசிக்குள் பண்டல்களை எண்ணிக்கொண்டிருந்தார். லேபிள் முதலாளியிடமும் அவர் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தார், அந்த சீசன் முழுக்க அதற்காகத்தான் அவரைக் குடோனில் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அக்கா பல வருடம் கழித்துச் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு, தாள் நிறைந்த இடத்தில் தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்கிற சந்தோஷம்தான். நேரே அவரிடம் போய், யானைப் படம் போட்ட வேஸ்ட் தாள் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். பண்டலிலிருந்து ஒரு தாளை உருவிச் சுருட்டிக் கொடுத்து, "இதக் கொண்டு போ பாப்பா. இதுல ஒரு வம்பும் வராது" என்றார்.

வாசலுக்கு வந்து ஆசையாக விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட அச்சடிக்காத வெள்ளைத் தாள். அவ்வளவு பெரிய பிரஸ்ஸில் இருந்துகொண்டு ஒரு படம்கூடக் கொடுக்க மனசில்லை. அந்த மேனேஜர் சரியான கஞ்சன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.