றெஜினாவின் கோழியும் நாங்கள் தேடிய பதிப்பகங்களும்

றெஜினா ரீச்சர் இறந்த செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவளுடைய வீடு என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் விடியற்காலை உயிர் போயிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஜெறோமுக்கு அறிவித்திருக்கிறார்கள்; அவன் இணையத்தில் படத்தோடு அறிவித்தல் போட்டுவிட்டான். அதைப் பார்த்த என் தங்கையின் மகள் அங்கிருந்து அழைத்து, “பெரியம்மா, இது உங்கட ரீச்சரெல்லோ?” என்று கேட்டபோது நான் கரம்பொனில் என் வீட்டு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருவருக்கும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவளை முன்பள்ளி ரீச்சராகத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். எனக்கு அவள் கூட்டாளி. நாங்கள் இருவரும் சேர்ந்து சிறுபிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் செய்தோம். கதை என்னுடையது, படங்கள் அவளுடையவை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவள். எழுதுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. றெஜினா என் கதையைக் கேட்டுவிட்டு, “இதைப் பிள்ளையள் பாக்கவேணும் அக்கா, கேட்டாக் காணாது” என்று சொன்னதில் தொடங்கியது எல்லாம்.

கதை சின்னது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில், பனையோலைக் கூடைக்குள் வந்த கோழி நடுக்கடலில் முட்டையிட்டுவிடுகிறது. பொரிக்கப்போகும் குஞ்சு எந்தத் தீவுக்குச் சொந்தம் என்று படகில் சண்டை வருகிறது. றெஜினா அதைக் கோழியின் கண்ணால் வரைந்தாள். படம் முழுக்கச் சேலைக்கரையும் செருப்பும் சைக்கிள் சில்லும் காஸ் சிலிண்டரின் அடியும்தான். கடைசிப் பக்கத்தில் கூடை திறக்கிறபோதுதான் கடலும் வானமும் வருகின்றன. நான் அப்படி எழுதியிருக்கவில்லை. அது அவளுக்கு வந்த யோசனை.

பதிப்பகம் தேடுகிற வேலையை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கென்றால் விலாசம் கிடைத்த எல்லாருக்கும் அனுப்பிவிடவேண்டும். அவள் விடவில்லை. “அவையின்ர புத்தகத்தைப் பாக்காமல் அவைக்கு எழுதப்படாது” என்பாள். அதற்காக மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுவோம். கடையில் நின்று சிறுவர் புத்தகம் ஒவ்வொன்றாய் விரிப்பாள். கதையோடு ஓவியரின் பெயரும் அட்டையில் இருக்கிறதா, ஊர்ப்புறத்துக் கதைகள் போடுகிறார்களா, எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் விலாசம். ஒருமுறை கடைக்காரப் பொடியன் பொறுமை இழந்து, “அம்மா, என்னவும் வாங்கப் போறியளோ?” என்றான். “இல்லைத் தம்பி, இவை எங்களை வாங்குவினமோ எண்டு பாக்கிறம்” என்றாள். அவனே சிரித்துக்கொண்டு கதிரை கொண்டுவந்து போட்டான்.

வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ற் வழியாக வந்தால்தான் வாசிக்கும் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பத்திக்கொண்டு வந்தது.

“ஏஜென்ரோ? என்ர தம்பியைக் கனடாவெண்டு ஏத்தி பாங்கொக்கில விட்டவனும் ஏஜென்ற்தான்.”

“அக்கா, இவன் ஆளை அனுப்புறவன் இல்லை. கதையை அனுப்புறவன்.”

“காசு முதலோ?”

“முதல்லை காசு கேட்டா அவன் கள்ளன். புத்தகம் விலைப்பட்டாத்தான் அவனுக்குப் பங்கு. அப்பிடித்தான் போட்டுக்கிடக்கு.”

கதையை வாசிக்கக் கட்டணம் கேட்ட ஒருவனை அவள் உடனே விலக்கினாள். நேர்மையான இன்னொருவர், தனக்குத் தமிழ் தெரியாது என்று மரியாதையாக எழுதினார். அதோடு ஏஜென்ற் கதை முடிந்தது.

எங்களுக்குள் சண்டையும் நடந்திருக்கிறது. என் எழுத்தில் ஒரு வரியைக் குறைக்கச் சொன்னால் நான் விடமாட்டேன். “படம் சொல்லுறதை நீங்கள் ஏன் திருப்பிச் சொல்லுறியள்?” என்று விரலால் என் வரியை மூடிக் காட்டுவாள். நான் அவளுடைய விரலைத் தட்டிவிடுவேன்.

பெரிய சண்டை தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒன்றால் வந்தது. கதை பிடித்திருக்கிறது, படங்களைத் தங்கள் ஓவியர் வரைவார் என்று எழுதி, மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பினார்கள். பச்சை வயல், மரத்தோணி, தோணியின் முனையில் ராசாத்தி மாதிரி ஒரு கோழி. எங்கள் படகு நெரிசலை ஒருநாளும் காணாத கை. நான் மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டுத்தான் றெஜினாவுக்குச் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரே? கதை வரட்டும். என்ர படம் கிடந்திட்டுப் போகட்டும்.”

“ஏலாது. கதையும் படமும் ஒண்டு. நீர் இல்லாமல் அது இல்லை.”

“என்னைச் சாட்டி நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறியள்.”

அவள் அழுதாள். சில வாரம் என் படலையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் வந்து, ஒரு புதிய புத்தகத்தை என் மடியில் போட்டாள். “இவை படத்தோட எடுக்கினம் போல கிடக்கு. பாருங்கோ” என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

செத்தவீட்டுக்கு வந்த ஜெறோம் அடக்கம் முடிந்தபின் என்னிடம் வந்தான்.

“அன்ரி, உங்கட கதையையும் அம்மான்ர படங்களையும் முப்பத்தோராம் நாள் மலரில போடுவம். கலரிலேயே அடிப்பம்.”

“ஏலாது தம்பி.”

“சும்மா கிடக்கிறதுதானே?”

“சும்மா கிடக்கேல்லை. ஒரு இடத்துக்கு அனுப்ப இருக்கு.”

“அம்மா உயிரோட இருக்கேக்கையே ஒரு புத்தகம் வந்திருக்கும். நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்.”

அது உண்மை. ஆனால் அவன் சொன்ன அந்தப் புத்தகம் அவளுடையதாக இருந்திருக்காது. இன்று அதே கடிதம் வந்தாலும் அதே பதில்தான் எழுதுவேன்.

ஊரில் என்னைக் கல்லு மனுசி என்கிறார்கள் என்று தெரியும். அதனால் காரணத்தை இங்கே எழுதுகிறேன். எங்கும் வெளிவராத கதையைத்தான் பதிப்பகங்கள் கேட்கின்றன. மலரில் போட்டால் அது வெளிவந்ததாகிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவளே றெஜினா. மலர்களை நாங்கள் வாங்குகிறோம், முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறோம், அலுமாரியில் வைக்கிறோம். “செத்தவீட்டுப் புத்தகத்தை ஆர் பிள்ளையை மடியில வைச்சு வாசிச்சுக் காட்டுறது?” என்று ஒருமுறை அவள் கேட்டாள். அப்போது அவள் தன்னை நினைத்துச் சொல்லவில்லை. நான் அதை மறக்கத் தயாரில்லை.

ஜெறோமிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டிருந்துவிட்டு, “அப்ப அம்மா கீறினது ஒண்டும் போட ஏலாதோ?” என்றான். அதற்கு மட்டும் நான் இளகினேன். அவள் முதன்முதலில் வரைந்து, காகம் மாதிரி இருக்கிறதென்று நான் சிரித்ததால் ஒதுக்கிய படம் ஒன்று இருந்தது. மலரின் பின்னட்டையில் நீங்கள் காண்பது அதுதான். அது கோழிதான்.

போனகிழமை, அவள் கடைசியாகப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து நல்லது என்று சொன்ன பதிப்பகத்துக்கு எங்கள் கதையை அனுப்பினோம். ஜெறோம்தான் கணினியில் தட்டினான். படங்களில் திருத்தம் கேட்டால் ஓவியர் செய்து தருவாரா என்று அவர்களுடைய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: ஓவியர் றெஜினா இறந்துவிட்டார். படங்களில் ஒரு கோட்டையும் யாரும் தொடக்கூடாது. கதையில் எந்த வரியை வெட்டச் சொன்னாலும் வெட்டித் தருகிறேன்.

“அன்ரி, உண்மையாத்தான் சொல்லுறியளோ?”

“அனுப்பு.”

அவன் அனுப்பினான். படம் சொல்கிற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் நான் கேட்கவில்லை. அவள் போனபின் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சைத்தான்.