தூணில் மூன்றாவது பெயர்

என் அம்மா உயிரோடு வீட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் இறந்துவிட்டாள் என்று ஒரு மனிதரிடம் சொன்னேன். நாக்குக் குழறவில்லை. கண்கூடக் கலங்கியது எனக்கு!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கும் தெரியாது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

நான் அதிகம் பேசாதவன். பத்தாவது வரை படித்தேன். கோம்பைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முக்கால் ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறேன். பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றால் பொழுது போவது தெரியாது. நாலு பேர் கூடிவிட்டால் எனக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியாது.

எங்கள் வீட்டைப் பட்டாளத்தார் வீடு என்பார்கள். தாத்தா வெள்ளைக்காரன் காலத்துப் போருக்குப் போய் இரண்டு விரல்களை இழந்து வந்தவர். பெரியப்பா எல்லைச் சண்டையில் நின்று பதக்கம் வாங்கியவர். என் அப்பாவும் பட்டாளம்தான். ஆனால் சமையல்காரர்.

அப்பா விடுமுறையில் வரும்போதெல்லாம் பெரியப்பா கேட்பார்: “என்னடா தம்பி, இந்தத் தடவ எத்தன எதிரிய அப்பளமாப் பொரிச்ச?”

வீடே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். “நான் பொரிச்சதத் தின்னுட்டுத்தாண்ணே மத்தவன் சுடவே போறான்” என்பார். எனக்கு மட்டும் முகம் எரியும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, வடக்கே பனிமலைப் பக்கம் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையால் அப்பா இறந்தார். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஒரு தந்தி. பிறகு ஒரு டிரங்குப் பெட்டியும் கடிதமும். காரணம் கடிதத்தில்தான் இருந்தது. பெரியப்பா படித்து அம்மாவிடம் சொன்னார். ஊருக்கு யாரும் விளக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய அன்று வாத்தியார் கேட்டார்: “அப்பா எப்படிப்பா இறந்தாக?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. “சண்டையில சார்” என்றேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்! எனக்காக… வாய் திறக்காத எனக்காக! அந்தச் சத்தம், பெஞ்சுகள் பின்னால் தள்ளப்பட்ட அந்தச் சத்தம், இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்பது வயதுப் பிள்ளை, போகட்டும் என்கிறீர்களா? முப்பது வருடம் கழித்தும் அதையே சொன்னவனை என்ன செய்வீர்கள்?

விஷயம் அம்மாவின் காதுக்கு வந்தபோது அவள் அடிக்கவில்லை. “ஏன்டா, காமாலையில போனா அவுக உனக்கு அப்பா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. எந்தச் சாவுக்குப் போய் வந்தாலும் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். “இவுகளுக்கு வாயில தண்ணி ஊத்த எத்தன கையி! அவுகளுக்கு யாரு ஊத்துனாகளோ… பாஷ தெரியாத ஊர்ல, தண்ணின்னு கேட்டா எவனுக்காச்சும் புரிஞ்சிருக்குமா?”

பதில் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஊர் மந்தைத் திடலில் நினைவுத் தூண் கட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து போய்ப் போரில் மாண்ட வீரர்களுக்காக. நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் அப்பாவுடையது. கடிதத்தைப் படித்த பெரியப்பா அதற்குள் காலமாகிவிட்டார். விவரம் கேட்க வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஒரு சிப்பாயும் இருந்தார். “அந்த வருஷம் சண்ட ஏதும் நடக்கலையேப்பா?” என்று யோசித்தார்.

“பனிமலையில எல்லா வருஷமும் சண்டதான் மாமா” என்றேன்.

எனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் பேச்சு வந்தது? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. தூணில் ‘எல்லைப் போரில் வீரமரணம்’ என்று எழுதினார்கள்.

திறப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. “அங்கன எழுதியிருக்குறது எங்க வீட்டுக்காரரு இல்ல. நீ போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மந்தையில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் புதுச் சட்டையுடன் பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தேன். மினி பஸ்ஸிலிருந்து எழுபதை நெருங்கிய ஒருவர் இறங்கினார். என்னையே பார்த்தார். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மோனே… நீ குக்கோட மகன்தானே? அதே மூக்கு!”

பெயர் வர்கீஸ். குமுளிக்கு மேலே எங்கோ வீடு. கம்பத்துக்கு வாழைத்தார் வாங்க வந்தவர், விழா ஃபிளக்ஸில் அப்பாவின் படத்தைப் பார்த்திருக்கிறார். பட்டாளத்தில் இருவருக்கும் ஒரே சமையற்கூடம். ஒரே அடுப்பு. பெரிய குரல் அவருக்கு. ‘குக், குக்’ என்று அவர் சொல்லச் சொல்ல நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அவசரமாகத் தேநீர்க் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனேன்.

அங்கேதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அப்பாவுடன் இருந்தது அவர்தான். கரண்டியால் தண்ணீர் கொடுத்தது அவர். “கஞ்சியில உப்பு இல்லடா வர்கீஸே, யாருடா இங்க குக்கு?” என்று கடைசி நாளிலும் அப்பா கேலி செய்தாராம். எரிக்கும் முன் வாய்க்கரிசி போட்டதும் அவர்தான். “எனக்கு முறை தெரியாது மோனே. உங்க ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தன் சொல்லித் தந்தான். உன் இடத்துல நான் நின்னேன்.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வா, உன் அம்மையப் பார்க்கணும். இத்தனை வருஷமா அவங்ககிட்ட இதச் சொல்லணும்னு நினைச்சிருக்கேன்.”

எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஐந்து நிமிடம்!

மைக்கில் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போக மந்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். இவரைப் பார்த்தால் விசாரிப்பார்கள். மேடையில் ஏற்றுவார்கள். இந்தப் பெரிய குரல் சமையற்கூடத்தையும் காமாலையையும் ஊருக்கே சொல்லும்…

“அம்மா தவறிட்டாக” என்றேன். “ரெண்டு வருஷமாச்சு.”

அவர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் தலையில் கை வைத்தார். “போகட்டும் மோனே. இப்ப அவனே நேர்ல சொல்லியிருப்பான்” என்றார். விழா முடியும்வரை இருக்கட்டுமா என்று கேட்டார். வெயில் அதிகம், உங்களுக்கு முடியாது என்று நானே மினி பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தேன். வண்டி திரும்பும்வரை அவர் எனக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரத்தில் மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மந்தையே எழுந்து நின்றது.

அன்று மாலையே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆள் இருந்தாகம்மா, தண்ணி குடுத்தாக, அரிசி போட்டாக… இவ்வளவுதான். அவள் அடுத்துக் கேட்பது எனக்குத் தெரியும். ‘எங்கடா அவுக? ஏன்டா வீட்டுக்குக் கூட்டிட்டு வரல?’ அதற்கு நான் என்ன சொல்வேன்? நீ செத்துவிட்டதாகச் சொன்னேன் என்றா?

அதன் பிறகும் ஊரில் சாவுகள் நடந்தன. அம்மா போய் வந்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். முன்பு பதில் தெரியாமல் சும்மா இருந்தேன். இப்போது தெரிந்தே சும்மா இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நான்கு வருடம் கழித்து அம்மா படுத்தாள். ஒரு காலையில் வீடு நிறைய உறவுக்காரர்கள். டம்ளரில் தண்ணீர் எடுத்து அவள் வாயில் விட்டேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்கு நீ ஊத்துற… அவுகளுக்கு…”

மீதியைச் சொல்ல அவளால் முடியவில்லை. என்னால் முடிந்திருக்கும். குனிந்து காதில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் இன்னொரு வாய் தண்ணீர் கொடுத்தேன். மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். என்னிடம் பதிலை வைத்துக்கொண்டு, கேள்வியோடு அவளை அனுப்பிவிட்டேன்!

கருமாதி முடிந்ததும் குமுளிக்குப் போனேன். கடை கடையாக விசாரித்தேன். “எந்த வர்கீஸ்? வீட்டுப் பேர் என்ன?” என்றார்கள். அவரை அவசரமாக பஸ் ஏற்றிவிட்டவனுக்கு விலாசம் கேட்கத் தோன்றவில்லை. மறு வருடமும் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு, யாரையும் கேட்காமல் திரும்பிவிட்டேன். கண்டுபிடித்தால் மட்டும் என்ன சொல்லப்போகிறேன்? அம்மாவை அடக்கம் செய்த இடத்தை அவர் கேட்டால்? எந்த வருடம் தவறினாள் என்று கேட்டால்?

ஆண்டுதோறும் சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் தூணுக்கு நான்தான் மாலை போடுகிறேன். மற்ற மூன்று பெயர்களின் முன்னால் என்னால் நிமிர முடிவதில்லை. அவர்கள் உண்மையிலேயே குண்டுபட்டு விழுந்தவர்கள். சோறாக்கிப் போட்டே செத்த என் அப்பாவோ அந்தத் தூணில் இல்லவே இல்லை. ஊரில் என்னைத் தவிர யாருக்கும் அந்த மனிதரைத் தெரியாது. அவரைப் பற்றிப் பேசவும் எனக்கு யாரும் இல்லை.

போன வாரம் தூணுக்குப் புதிதாக வர்ணம் பூசினார்கள். எழுத்து வேலைக்கு உத்தமபாளையத்திலிருந்து பெயிண்டர் வந்திருந்தார். நான் தனியாகத்தான் பக்கத்தில் நின்றிருந்தேன். மந்தையில் வேறு ஆளில்லை.

“அண்ணே, இந்த மூணாவது ஆளுக்குப் பேரு மட்டுந்தான் தெரியுது. அதுக்குக் கீழ இருந்த எழுத்தெல்லாம் மழையில போயிருச்சு. என்ன எழுத?”

நான் தூணைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

“சொல்லுங்கண்ணே, பெயிண்டு காயுது.”

“எல்லைப் போரில்” என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, “வீரமரணம்” என்றேன்.

கடைசி எழுத்தில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்று, “சரியா இருக்காண்ணே?” என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன்.