மாரியாத்தா ஓட்டம்

பிரேமலா ஓடி வரும்போது கால்கள் தெரியாது. கரங்கான் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலையில் விடிகாலைப் பனி இடுப்பளவு நிற்கும். அதற்கு மேலே அவள் மட்டும் மிதந்து வருவாள். அவ்வளவு மெதுவான ஓட்டம். முன்னால் போன நாய் ஒன்று நின்று, திரும்பிப் பார்த்து, அவளுக்காகக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வயது முப்பத்து நான்கு. சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கையுறைக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓடும்போதும் அதே முகம்தான். வாய் மட்டும் தன்பாட்டுக்கு முணுமுணுக்கும்: "பெலான் பெலான்." மலாயில் மெதுவாக, மெதுவாக. அது அவள் அப்பாவின் சொல்.

அப்பா தர்மலிங்கம், ரத்தச் சுத்திகரிப்பு மையத்து வேன் ஓட்டுநர். சிறுநீரகம் கெட்டவர்களைத் தோட்டம் தோட்டமாகப் போய் ஏற்றிக்கொண்டு, சிகிச்சை முடிந்து தலைசுற்றலோடு வருகிறவர்களை அலுங்காமல் வீடு சேர்ப்பவர். அந்த வேனும் பாவம், கிழடுதட்டிவிட்டது. பக்கக் கதவைச் சும்மா இழுத்தால் அசையாது; கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். அந்தச் சூட்சுமம் அவருக்கும், பள்ளி விடுமுறைகளில் கூடவே போய்க் கதவு மூடிப் பழகிய பிரேமலாவுக்கும்தான் தெரியும்.

இந்த வருடம் அவருக்கு ஓய்வு. "நான் போறதுக்குள்ள சக்கர நாற்காலியோட ஏத்துற மாதிரி ஒரு வேன் வந்துட்டா போதும்மா," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் போய்ப் பெண்டாங் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவள் போய்க் கேட்டதில், சுங்கைப் பட்டாணிக் கடைக்காரர்கள் புது வேனுக்குப் பணம் தர ஒத்துக்கொண்டார்கள், ஓடி முடித்தால்தான் என்ற நிபந்தனையோடு. போன வருடம் பினாங்கில் பாதியிலேயே உட்கார்ந்து, பின்தங்கியவர்களை ஏற்றிவரும் வண்டியில் அவள் வந்து சேர்ந்த கதை ஊருக்கே தெரியும்.

"அப்பாவுக்கு வாட்ச் வாங்கிக் குடுத்தா அலமாரியில வச்சுப் பூட்டிருவாரு லா, அண்ணே," என்றாள் என்னிடம். "வேன்னா ரோட்டுல ஓடும். அவரும் பார்த்துக்கிட்டே இருப்பாரு."

அப்பாவின் பழைய வேனில் சிகிச்சைக்கு வாரம் தவறாமல் போகும் ராக்காயி அம்மாவுக்கு மாரத்தான் என்ற சொல் மாரியாத்தா என்றே காதில் விழுந்தது. "மாரியாத்தாளுக்கு ஓடுறியா? காப்புக் கட்டாமயா ஓடுவ?" என்று, ஓட்டத்துக்கு முதல் நாள் பிரேமலாவின் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். "முடிக்கிற வரைக்கும் காடி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்." வண்டியே ஏறாமல் பெண்டாங்குக்கு எப்படிப் போவதாம் என்று நான் வம்புக்கு இழுத்தேன். "அது ஓட ஆரம்பிச்ச பெறகுதான்யா கணக்கு," என்று சாமி சார்பில் அவரே சலுகையும் கொடுத்தார். பிரேமலா அவரைத் திருத்தவில்லை. கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

போன ஞாயிறு பெண்டாங்கில், முடிவிடத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றிருந்தேன். நடப்பதற்கே யோசிக்கிற ஆள் நான். எனக்கு அந்த வேலைதான் சரி. நடவுக்கு நீர் கட்டிய வயல்களில் வானம் இறங்கிப் படுத்திருந்தது. கொக்குகள் மேகத்தின் மேல் நடந்தன. ஓடியவர்கள் எல்லாரும் போய்விட்டபின், வெகு நேரம் கழித்து, சாலைக் கோடியில் ஒரு புள்ளி அசைந்தது. பிரேமலா. இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். அவளுக்குப் பின்னால், பின்தங்கியவர்களை ஏற்றும் வண்டி. அதற்கென்று மையத்தின் பழைய வேனையே கேட்டு வாங்கியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் தர்மலிங்கம். அவருடைய கடைசி நாள் வேலை அது.

என் மேசைக்கு எதிரே அவள் நின்றுவிட்டாள். குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டாள். ஓடி முடிக்க நேரம் இன்னும் இருந்தது, காலில்தான் ஒன்றும் மிச்சமில்லை. தர்மலிங்கம் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கதவைத் தூக்கித் திறந்தார்.

"ஏறும்மா," என்றார். "வேன் வராட்டிப் போவுது. நீ ஏறு."

அதிகம் வாய் திறக்காத மனுஷன் குரல் உடைந்து சொன்னார். ஏறிவிடு தாயே என்றுதான் என் மனமும் சொன்னது. பிரேமலா நிமிர்ந்து, உள்ளே வரிசையாக இருந்த தேய்ந்த இருக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க பின்னாலயே பெலான் பெலான் வாங்கப்பா," என்றாள். மஞ்சள் கயிறு கட்டிய கையால் கதவைக் கொஞ்சம் தூக்கி, இழுத்து மூடினாள்.