மூளிக் காசுக்கு ஒரு கையெழுத்து

வில்லைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். நாணய ஆலையில் முப்பத்தோரு வருடம் தகட்டிலிருந்து, காசாக அச்சடிக்கும் வட்ட வில்லைகளை வெட்டியவர். "என் மெஷின்லேர்ந்து ஒரு மூளி வில்லை வெளிய போனதில்ல" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதே ஆலையில் வில்லைகளைச் சலித்து மூளியைப் பொறுக்கியவள். "வெளிய போகாதது என் கண்ணால" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்து மேஜைமேல் ஒரு காசை வைத்தான். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டைக் காணோம்.

"அத்தான், நாணயச் சங்கத்துல கண்காட்சி. இது ஆலைத் தப்புதான், யாரும் அரத்தால ராவினதில்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா கண்ணாடிப் பெட்டில வைப்பாங்க. உங்க வார்த்தைதான் வேணுமாம்."

வில்லைக்காரர் காசிலிருந்த வருடத்தைப் பார்த்தார். நடுவில் செம்பும் இருபுறம் வெள்ளை உலோகமுமாக ஒட்டிய தகடு முதன்முதலில் வந்த வருடம் அது. அன்று அதை வெட்டியது ஒரே மெஷின். அவருடையது!

"எவனோ ராவியிருக்கான்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? வாயைத் திறந்தும்விட்டார். பாழாய்ப்போன கை சும்மா இருக்க வேண்டுமே, பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டது. ராவிய காசென்றால் வெட்டில் அரத்தின் கீறல் தெரியும், எதிர் ஓரம் முழுசாக இருக்கும். இதில் கீறலே இல்லை. வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கிக் கிடந்தது. அச்சடிக்கும் முன் வில்லையை உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். ஒரு பக்கம் மூளியென்றால் எதிர்ப்பக்கம் அழுத்தம் கிடைக்காது. ஆக, தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே மறுபடி வெட்டு விழுந்திருக்கிறது. தகட்டைப் பார்க்க வேண்டிய ஆள் வேறெங்கோ பார்த்திருக்கிறார்.

"நெஜந்தான்" என்றார். "என் தப்புதான்."

மச்சினன் துள்ளிக் குதித்தான். வில்லைக்காரர் தலை நிமிராமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி இவள் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாளே என்று மனம் குமைந்தது.

அவள் காசை வாங்கி வருடத்தைப் பார்த்தாள்.

"அந்த வருஷம் சலிக்கிற மேஜைல நான் ஒருத்திதான்" என்றாள் மெல்ல.

"அப்ப நீ எப்படி இத விட்டே?"

"நீங்க எங்க பாத்துட்டிருந்தீங்க?"

அவள் மேஜை அவர் மெஷினுக்கு நேர் எதிரே. அந்த வருடம்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறு வருடம்தான் கல்யாணம்.

"ஒன்னத்தான்" என்றார் வில்லைக்காரர். இந்த வயதில் முகம் சிவந்துபோயிற்று.

"நான் மட்டும் வில்லையவா பாத்தேன்?"

தம்பி ஒன்றும் புரியாமல் விழித்தான். "அக்கா, காகிதத்தக் குடு, நான் கிளம்பணும்."

"இருடா" என்று பேனாவைப் பிடுங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டுக் கொடுத்தாள்.