சாந்தா அக்காவின் பாதிச் சுவர்

ஞாயிறு, காலை ஒன்பதரை. தென்காசியில் ஏறிய ரயில் என்னை எர்ணாகுளம் வடக்கில் இறக்கிவிட்டபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. மட்டாஞ்சேரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது. தேவரா தாண்டிப் பாலம் ஏறியதும் காயல் காற்று முகத்தில் அடித்தது. போக வேண்டிய தெருவைச் சொன்னேன்.

"டிவியில வந்த தெருவானோ சேச்சி? அது ஒரே பார்ட்டியோட கோட்டையல்லே."

"உங்க வீடு எங்கே?"

"தோப்பும்படி. அவிடேந்து பத்து மினிட்டு."

பத்து நிமிடத்தில் இருப்பவருக்கே டிவிதான் சொல்லியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நான் நம்பியதில் அதிசயம் என்ன?

வியாழக்கிழமை ஒரு சானலில் உள்ளாட்சித் தேர்தல் பற்றிய சிறப்புச் செய்தி. கோலம், கோயில் மணி, சந்தன நெற்றிகள். பிறகு என் பெரியம்மா மகள் சாந்தா அக்காவின் வீட்டு மதில். பழமை மாறாத இந்தத் தெருவில் மாற்றுக் குரலுக்கே இடமில்லை என்றது பின்னணிக் குரல். கேட்டுக்கு ஒரு பக்கம் அத்தான் கட்சியின் காவி எழுத்து. மறுபக்கம் வெறும் வெள்ளை. அக்காவோ கல்யாணமாகி வந்த நாள் முதல் செங்கொடி பிடிப்பவள். போன் செய்தேன். "ஒரு நட வந்துட்டுப் போயேன்" என்றாள். குரலே சரியில்லை. மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

காலை பத்தரை. இறங்கியதும் மதிலைத்தான் பார்த்தேன். இப்போது இரண்டு பாதியிலும் எழுத்து இருந்தது, ஒன்று காவி, ஒன்று சிவப்பு. இந்த ஊரில் தேர்தலுக்கு வெகு முன்பே கட்சிகள் மதில்களைப் பிடித்து வைத்துவிடும். ஓரத்தில் 'புக்டு' என்று எழுதிவிட்டால் வேறு யாரும் தொடமாட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் கேட்டை எல்லையாக வைத்து மதிலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எதிர்வீட்டுக் கொங்கணிக் குடும்பத்திலும் அப்படித்தான். மாமனாருக்கு ஒரு பாதி, மருமகளுக்கு ஒரு பாதி. அது ஏன் டிவியில் வரவில்லை என்று கேட்டால், கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

அக்கா சாயாவும் அவித்த கப்பையும் வைத்தாள். மரவள்ளிக்கிழங்குக்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

"டிவிக்காரங்க என்கிட்ட அர மணிக்கூர் பேசினாங்க. சுக்கு கோடவுன் கூலி, ஓடை அடைப்பு, எல்லாம் சொன்னேன். ஒண்ணும் வரல. கோலம் போட்ட கை மட்டும் வந்துச்சு."

"உன் பாதி ஏன் வெள்ளையா இருந்துது?"

"நாலு வருசம் முந்தி எழுதின செவப்பு ஒரு பூச்சுக்கு மறையல. உங்க அத்தான் ரெண்டாவது பூச்சு அடிச்சாரு. காயறதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே டிவியில போட்டுட்டாங்க. மறுநா நாங்க எழுதினோம். டிவியப் பாத்து மானம் போயி எழுதினதுன்னு நெனைக்காங்க."

நினைப்பவர்கள் அவளோடு கோடவுனில் சுக்கு பொறுக்கும் பெண்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அவள் முற்றத்தில் குடும்பயோகம். அக்கம்பக்கத்து ஆட்களை ஒரு வீட்டில் கூட்டி ஓட்டுக் கேட்பதற்கு அந்தப் பெயர். புருஷனுக்கு மதிலை விட்டுக்கொடுத்தவள் வீட்டுக்கு வருவதாக இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஆளு வரல்லேன்னா இனி என்னை எதுக்கும் விளிக்க மாட்டாங்க. இத்தன வருசம் நடந்ததெல்லாம் போச்சு."

"அத்தான் ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அவங்க ஆளுங்க அவரை மெச்சிட்டிருக்காங்க. நான் எப்படிக் கேக்க?" என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டு. மீன் வாங்கப் போன கிருஷ்ணன் அத்தானோடு நானும் போனேன். பிறந்ததிலிருந்து மட்டாஞ்சேரிதான் அவருக்கு. தமிழ் பேசினாலும் ராகம் மலையாளம். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் வெளிநாட்டுக்காரர்கள் பழைய பூட்டுகளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கச் சுக்கு நெடி. நானூறு ரூபாய்க்கு ஒரு கிலோ அயிலை வாங்கினார். திரும்பும்போது சாயாக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்து அத்தானின் தோளில் தட்டினார். "கொள்ளாம் கிருஷ்ணா. வீட்டுக்காரியை வழிக்குக் கொண்டுவந்தல்லோ." அத்தான் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"மூணு நாளா இதானோ அத்தான்?"

அவர் மீன் பையைக் கை மாற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போய், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் எதிர்ச் சந்துக்குள் நுழைந்தார். ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றார். அது நபீசாத்தா வீடு. சுக்குப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள்தான். அவள் வந்தால் எல்லோரும் வருவார்கள்.

"நபீசாத்தா, ஒரு காரியம் பறையணும். சாந்தா மதிலை விட்டுக் கொடுக்கல்ல. வெள்ளை அடிச்சது நான். ரெண்டு பூச்சு. அதான் காயல்ல."

சந்து முனையில் ஸ்கூட்டர் ஒன்று வேகம் குறைந்தது. மேலே இருந்த இருவரும் அவர் கட்சிக்காரர்கள்; முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தான் நகரவில்லை.

"நிங்கட பாகத்துக்கு எத்தன பூச்சு?" என்றாள் நபீசாத்தா.

"ஒண்ணு."

"அவளுக்கு ரெண்டு."

"அவ எழுத்து தெளிஞ்சு நிக்கணும்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது அன்னைக்கே பறஞ்சிருக்கலாமே."

"பறஞ்சிருக்கணும்" என்றார் அத்தான். மீன் பையை ஏந்திக்கொண்டு வேகமாக நடந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தச் சந்திலேயே போய்விட்டது.

மாலை ஐந்து. முற்றத்தில் இருபது நாற்காலிகளை அத்தானே விரித்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். கூட்டம் அவருடையதல்ல, சாயா மட்டும் அவர் பொறுப்பு. ஐந்தேகால் வரை அக்காவும் நானும் மட்டும். அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே கேட்டைப் பார்த்தாள்.

கேட் திறந்தது. நபீசாத்தா முன்னால், பின்னால் பெண்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளை. நாற்காலி போதாமல் பிறகு சிலர் படியில் உட்கார்ந்தார்கள்.

"நிண்ட ஆளு உச்சைக்கு எங்க வீட்டுக்கு வந்நு" என்று மட்டும் சொன்னாள் நபீசாத்தா.

அக்கா சமையலறைக்குள் வந்தாள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போய்ச் சொன்னீங்களா?"

"மீன் வாங்கப் போன வழியில" என்றார் அத்தான், அடுப்பைப் பார்த்தபடியே.

 மூன்று நாளாகப் பிறர் தட்டிய அவர் தோளில் அக்கா கையை வைத்தாள். பிறகு சாயாத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஓட்டு இருவருக்கும் வேறு வேறுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் பார்த்த கல்யாணங்களில் இவ்வளவு நல்லதாக ஒன்றைப் பார்த்ததில்லை.

திங்கள், காலை எட்டு. கிளம்பும்போது மதிலைப் படம் எடுக்க நினைத்தேன். பக்கத்தில் நின்றால் ஒரு பாதிதான் விழுந்தது. எதிர்வீட்டு மதிலில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனபோதுதான் காவியும் சிவப்பும் கேட்டும் சேர்ந்து விழுந்தன. ஒரு ஆட்டோ எனக்காக நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ரயில் ஏறியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். முப்பது வருடமாக நானும் அவரும் ஒன்றாகத்தான் வாக்குச்சாவடிக்குப் போகிறோம்.

"நான் யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இதென்ன கேள்வி? நம்ம வீட்டு ஓட்டு எல்லாம் ஒண்ணுதானே."

"வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன்.